வரும் பந்தைத் திருப்பும் விதம்



ஹெந்தளையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் பெட்மின்டன் ஆடுவதற்காக வீட்டுப் பின்வளவில் சீமெந்து போட்டுக் கோடும் கீறி வைத்திருந்தார்களாம். விடுமுறையில் கட்டாரிலிருந்து வந்த மச்சான் நாலு மட்டைகளும் சில ஓட்டைப் பந்துகளும் கொண்டுவந்து, பிக்கிள்போல் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அஸருக்குப் பின் நால்வர் அங்கே கூடுகிறார்கள்: இவர், மதினி, இரண்டு பெண்பிள்ளைகள். "எனக்கு வரும் சேர்வில் பாதிக்கு மேல் வலையில்தான் அடிக்கிறேன். என்னோடு சேர்கிறவர் தோற்றுப்போகிறார். இனி நான் பந்து பொறுக்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்" என்கிறார். வயது நாற்பத்தாறு. சீனி வருத்தம் உண்டு. உடம்பை அசைக்கும்படி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தெருவில் தனியே நடக்க மனமில்லை. அந்தப் பின்வளவு ஒன்றுதான் வழி. அவர் ஒதுங்கினால் மிஞ்சுவது மூவர். அந்த ஆட்டமும் நின்றுபோகும். ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

இந்த விளையாட்டே குடும்பத்துக்காகப் பிறந்ததுதான். 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சார்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் வீட்டாருக்குப் பொழுது போகாமல் தவித்தபோது, பழைய பெட்மின்டன் தளத்தில் பலகை மட்டையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தும் வைத்து ஆடத் தொடங்கினார்கள். முதலில் வலை பெட்மின்டன் உயரத்தில்தான் இருந்தது. பந்து சீமெந்தில் நன்றாக எழும்புவதைக் கண்டதும் வலையை இறக்கிவிட்டார்கள். இன்றைக்கும் தளத்தின் அளவு பெட்மின்டன் இரட்டையர் தளத்தின் அளவேதான்: நீளம் 44 அடி, அகலம் 20 அடி. வலையின் உயரம் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். நம் வீடுகளில் சமையல் மேடை இருக்கும் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலையின் இருபுறமும் 7 அடிக்கு ஒரு பட்டை உண்டு. அதற்குள் நின்றுகொண்டு, நிலத்தில் படாத பந்தை அடிக்கக்கூடாது. ஆங்கிலத்தில் அதைக் 'கிச்சன்' என்கிறார்கள். நாம் குசினி என்றே சொல்லிக்கொள்வோம். நாள் முழுக்கக் குசினியில் நிற்கிறவர்களுக்கு ஒரு மணி நேரமாவது அதன் வாசலோடு நில்லுங்கள் என்று சொல்லும் சட்டம் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

இனிக் கடிதத்துக்கு வருவோம். அந்தச் சகோதரி சிறு வயதில் நன்றாகப் பெட்மின்டன் ஆடியவராம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். பெட்மின்டனில் இறகுப்பந்து நிலத்தைத் தொடும் முன் அடித்தாக வேண்டும். இங்கே சேர்வாக வரும் பந்து ஒரு தடவை நிலத்தில் பட்டு எழும்பிய பிறகே அடிக்க வேண்டும். நீங்கள் திருப்பி அனுப்பும் பந்தும் எதிரே ஒரு தடவை நிலத்தில் பட்டே ஆக வேண்டும். அதன் பின்னர்தான் அந்தரத்தில் அடிக்கும் உரிமை இரு பக்கத்துக்கும் கிடைக்கிறது. பெட்மின்டன் பழகிய கை இதைப் பொறுப்பதில்லை. பந்து வரும்போதே முன்னே பாய்கிறது. பிறகு பந்து காலடியில் குத்தி எழும்பும்போது மணிக்கட்டைச் சுண்டுகிறது. இறகுப்பந்துக்குச் சுண்டல் வேண்டும். இந்தப் பந்துக்கு அது ஆகாது. மட்டை ஒரு கணத்தில் திரும்பிவிடும், பந்து வலைக்குப் போய்விடும்.

மணிக்கட்டை இறுக்கமாக வைத்து, தோளிலிருந்து கையை வீசுங்கள். மட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. இடுப்புக்குச் சற்று முன்னே, கீழிருந்து மேலாக, நிறைந்த தட்டை ஒருவரிடம் நீட்டுவது போல் நிதானமாகத் தள்ளினாலே போதும். பந்து மட்டையில் படும் வரை கண் பந்திலேயே இருக்கட்டும். அது எங்கே போகிறது என்று பார்க்க முன்கூட்டியே தலையை உயர்த்துகிறவர்கள் பலர். தலை உயர்ந்தால் தோளும் உயரும், மட்டை பந்தின் உச்சியில் படும்.

எவ்வளவு உயரமாக அனுப்புவது? வலையை உரசிக்கொண்டு போகும் பந்துதான் அழகு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பாடசாலையில் பையன்களைப் பார்க்கிறேன், எல்லாவற்றையும் ஓங்கி அடித்தால்தான் அவர்களுக்கு விளையாட்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வலைக்கு மேலே இன்னொரு வலை கட்டியிருப்பதாக எண்ணிக்கொண்டு அதற்கும் மேலால் அனுப்புங்கள். எதிரிகள் உங்கள் பந்தை நிலத்தில் விழ விட்டே அடிக்க வேண்டியிருப்பதால், உயரமாகப் போகிறதே, பாய்ந்து அடித்துவிடுவார்களே என்ற பயம் இங்கே வேண்டாம். ஆட்டத்தில் சேர்வைத் தவிர இந்தச் சலுகை கிடைக்கும் ஒரே அடி இதுதான். அதே நேரம் பந்து ஆழமாகவும் போக வேண்டும். எதிர்ப்பக்கத்துக் கடைசிக் கோட்டுக்கு இரண்டு மூன்று அடி உள்ளே விழுந்தால் மிகவும் நல்லது. வலைக்கு அருகில் குட்டையாக விழுந்தால் அவர்கள் முன்னே வந்து உங்களை நெருக்கிவிடுவார்கள்.

புள்ளிக் கணக்கையும் சற்று யோசியுங்கள். வழமையான முறையில் சேர்வ் போடும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். 11 புள்ளி எடுத்து, இரண்டு புள்ளி முன்னிலையும் இருந்தால் வெற்றி. நீங்கள் சேர்வை எதிர்கொள்ளும்போது எவ்வளவு பிரமாதமாக அடித்தாலும் உங்களுக்குப் புள்ளி வராது. எதிரியின் முறை முடியும், அவ்வளவுதான். தவறவிட்டாலோ ஒரு புள்ளி அந்தப் பக்கம் உடனே போய்ச் சேரும். லாபம் இல்லாத, நட்டம் மட்டும் உள்ள இடத்தில் யாராவது பெரிய முதல் போடுவார்களா? ஆகவே முதல் வேலை பந்தை உள்ளே போடுவது. ஓரக்கோட்டைக் குறிபார்க்கும் ஆசையைத் தள்ளி வையுங்கள். நடுவாக, இருவருக்கும் இடையில் ஆழமாக அனுப்பினால் "நீங்க எடுப்பீங்க என்று இருந்தேன்" என்று மதினியும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சியும் கிடைக்கும்.

நிற்கும் இடம் இதைவிட முக்கியம், ஏனெனில் அதில் உடம்பின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. பலர் கடைசிக் கோட்டுக்கு உள்ளே நின்று சேர்வை எதிர்பார்க்கிறார்கள். பந்து ஆழமாக வந்தால் பின்னுக்கு ஓட வேண்டி வருகிறது. நாற்பது கடந்தவர்கள் இந்த ஆட்டத்தில் செய்யவே கூடாத காரியம் முகத்தை முன்னே வைத்துக்கொண்டு பின்னுக்கு ஓடுவதுதான். குதிக்கால் தடுக்கும், ஆள் மல்லாந்து விழுவார், கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். கால் வரை நீண்ட உடையென்றால் ஆபத்து இரட்டிப்பு. விளிம்பைக் கணுக்காலுக்கு மேல் ஊசி குத்தி, உள்ளே காற்சட்டை அணிந்துகொள்ளுங்கள். இறப்பர் செருப்போடு ஆடவே ஆடாதீர்கள். பின்பிடி உள்ள சப்பாத்து வேண்டும். சீனி உள்ளவர்கள் வெறுங்காலோடு சீமெந்தில் இறங்குவதும் கூடாது.

கடைசிக் கோட்டுக்கு வெளியே ஓர் எட்டு, இரண்டு எட்டுப் பின்னால் நில்லுங்கள். அங்கிருந்து எந்தப் பந்துக்கும் முன்னே வருவதுதான் வேலையாக இருக்கும். முன்னே வருவது சுலபம். வரும் வேகமும் அடியோடு சேர்ந்துகொள்ளும். சேர்வ் குட்டையாக வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். குசினிக்குள்ளேயோ அதன் கோட்டிலேயோ விழுந்தால் அந்த சேர்வ் செல்லாது. அதைத் தாண்டி விழுந்த பந்தை எட்டி எடுக்கக் காலம் இருக்கும்.

ஆனால் ஹெந்தளை, மாபோலைப் பக்கத்து வளவுகளில் பின்னால் நிற்க இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 44 அடித் தளத்துக்குக் குறைந்தது 60 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள இடம் வேண்டும் என்று சொல்வது கோட்டுக்குப் பின்னால் 8 அடி விடுவதற்காகத்தான். மதிலோடு ஒட்டிக் கோடு கீறியிருந்தால் தளத்தைச் சுருக்கிக் கீறுங்கள். முழு அளவு தளத்தில் மதிலில் முதுகை இடித்துக்கொள்வதைவிட 36 அடித் தளத்தில் நிம்மதியாக ஆடலாம். வீட்டு ஆட்டத்துக்கு எந்த நடுவர் வரப்போகிறார்? மணல் வளவில் இந்தப் பந்து எழும்பாது. இன்டர்லொக் கல் பதித்த முற்றத்தில் எழும்பும், ஆனால் மூட்டில் பட்டால் கோணலாகத் திரும்பும். அங்கே பந்தை இன்னும் கொஞ்சம் எழும்பவிட்டு, தணியும்போது அடியுங்கள்.

திருப்பி அடித்த பிறகு என்ன செய்வது? பெரும்பாலானோர் அடித்த இடத்திலேயே நின்று "போய்விட்டதா" என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சகோதரியின் இணை தோற்பதற்கு வலையில் போன பந்துகள் மட்டும் காரணமாக இருக்க முடியாது. சேர்வ் போட்ட பக்கம் உங்கள் பந்து நிலத்தில் விழும் வரை பின்னால் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அடித்த கையோடு குசினிக் கோட்டை நோக்கி நடக்கலாம். கடைசிக் கோட்டிலிருந்து அங்கே 15 அடிதான். வலைக்கு அருகில் முதலில் போய் நிற்கும் பக்கத்துக்கே இந்த ஆட்டத்தில் கை ஓங்குகிறது. அந்த வாய்ப்பைச் சட்டமே சேர்வை எதிர்கொள்ளும் பக்கத்துக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. உங்கள் இணை தொடக்கத்திலேயே அந்தக் கோட்டில் போய் நிற்கலாம். உங்களுக்கு வரும் சேர்வை அவர் எடுக்கக்கூடாது. எடுத்தால் எதிரிக்குப் புள்ளி. பிறகு நீங்களும் போய்ச் சேர்ந்தால் இருவரும் ஒரே வரிசையில்.

உயரமாக, மெதுவாக, ஆழமாக அனுப்பச் சொன்னதன் பயன் இங்கேதான் தெரியும். பந்து அந்தரத்தில் இருக்கும் நேரம் முழுவதும் உங்களுக்கு நடக்கக் கிடைக்கும் நேரம். முழங்கால் வலிக்காரர் ஓங்கி அடித்துவிட்டு ஓட வேண்டியிருக்கும். உயர்த்தி அடித்தால் நடந்தே போகலாம். எதிரி மட்டையை வீசும் கணத்தில் மட்டும் எங்கே இருந்தாலும் இரு கால்களையும் சமமாக ஊன்றி நின்றுவிடுங்கள். பாதி வழியில் நின்றாலும் பாதகமில்லை, அடுத்த பந்தை அங்கிருந்தே எடுத்துவிட்டு மேலே போகலாம். ஓடிக்கொண்டே அடிக்கிறவருக்குத்தான் பந்து காலுக்குள் வந்து சேரும்.

ஹெந்தளைக்கே உரிய இன்னொன்று கடற்காற்று. பந்து உள்ளே வெறுமையானது, சுற்றிலும் துளை. பிற்பகலில் மேற்கேயிருந்து வீசும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வெளியில் ஆடுவதற்கான பந்தில் சிறிய துளைகள் அதிகம், பொதுவாக 40. உள்ளரங்கப் பந்தில் பெரிய துளைகள் 26. மச்சான் கொண்டுவந்ததை எண்ணிப் பாருங்கள். 26 என்றால் அது காற்றில் அலைக்கழியும், குற்றம் உங்கள் கையில் இல்லை. காற்றை எதிர்த்து அடிக்கும்போது தாராளமாக அடிக்கலாம், வெளியே போகாது. காற்று முதுகில் இருந்தால் அரைப் பலம் போதும். பலத்த தென்மேல் பருவக் காற்றுள்ள நாட்களில் ஆறு புள்ளியில் பக்கம் மாற்றிக்கொண்டால் சண்டை வராது.

பயிற்சிக்கு மூவரை அழைக்கவும் வேண்டாம். ஒரு மகள் போதும். எதிர்ப்பக்கத்தில் கடைசிக் கோட்டுக்கு ஐந்தடி முன்னால் குறுக்கே ஒரு கயிற்றைப் போட்டுவிடுங்கள். மகள் இருபது சேர்வ் போடட்டும். முதல் வாரம் வலையைத் தாண்டியவற்றை மட்டும் எண்ணுங்கள். அது பதினெட்டுக்கு வந்த பிறகு கயிற்றுக்கு அப்பால் விழுந்தவற்றை எண்ணத் தொடங்கலாம். ஒவ்வொரு அடிக்கும் பிறகு குசினிக் கோடு வரை நடந்து திரும்புங்கள். இருபது தடவை போய் வந்தால் டொக்டர் சொன்ன நடையிலும் ஒரு பங்கு முடிந்துவிடும்.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு சிறு கேள்வியும் இருந்தது: சேர்வ் வலையில் பட்டு உள்ளே விழுந்தால் மறுபடி போட வேண்டுமா என்று. முன்பு அப்படித்தான் இருந்தது. 2021இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். வலையில் பட்டாலும் உரிய கட்டத்துக்குள் விழுந்தால் ஆட்டம் தொடரும். ஆகவே வலையில் பட்ட சத்தம் கேட்டதும் நின்றுவிடாமல் இரண்டு எட்டு முன்னே வாருங்கள்.