மாடி வீட்டிற்கு எந்த மோட்டார்?

புது வீடு கட்டுவோர் வாசற்கதவிற்கு மரம் தேடிப் பத்துக் கடைகள் ஏறி இறங்குகின்றனர். தரைக்கு எந்தக் கல் பதிப்பது என்பது பற்றி வீட்டில் ஒரு வாரம் விவாதம் நடக்கிறது. ஆனால் அவ்வீட்டின் எல்லா மாடிகளுக்கும் நாள்தோறும் நீர் ஏற்றித் தரவேண்டிய மோட்டாரை மட்டும், வீடு மந்திரிப்புக்கு இரண்டு நாள் இருக்கையில், அவசர அவசரமாக வாங்கி வருகின்றனர். "மூன்று தளமா? அப்படியானால் ஒன்றரைக் குதிரைத்திறனாகவே போட்டுவிடுங்கள், கவலை இராது" என்று கடைக்காரர் சொல்வார். பெரியது வலியது, வலியது நல்லது என்று நாமும் தலையசைத்து விடுகிறோம்.

கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் நம் வீட்டைப் பார்த்தவரல்லர். நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, எவ்வளவு உயரத்திற்கு ஏறவேண்டும், எத்தனை அங்குலக் குழாய் வழியே ஏறவேண்டும் என்னும் மூன்று செய்திகளையும் நாம் அவரிடம் சொல்வதில்லை. இம்மூன்றும் தெரிந்தால் குதிரைத்திறன் தானே விடையாக வந்து நிற்கும். இவை தெரியாமல் குதிரைத்திறனைக் கேட்பது, ஆளின் அளவைச் சொல்லாமல் சட்டைத் துணி எத்தனை மீட்டர் என்று தையற்காரரைக் கேட்பதை ஒக்கும்.

இன்று நம் ஊர்களில் மிகுதியாகக் காணும் வீடொன்றை எடுத்துக்கொள்வோம். தரைத்தளத்தில் பெற்றோர், முதல் மாடியில் மூத்த மகன் குடும்பம், இரண்டாம் மாடியில் இளைய மகன் குடும்பம். குழந்தைகளையும் சேர்த்துப் பதினான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டின் குடிநீர்த் திட்டங்களில் நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். அவ்வாறாயின் இவ்வீட்டிற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,900 லிட்டர் நீர் தேவை. மொட்டை மாடியில் 2,000 லிட்டர்த் தொட்டி ஒன்று போதும்.

இனி உயரத்தைக் கூட்டுவோம். சம்ப் என்று வழங்கும் தரையடித் தொட்டியின் அடிமட்டம் தரைக்குக் கீழே 7 அடி. மூன்று தளங்களுக்குத் தளம் ஒன்றுக்குப் 10 அடியாக 30 அடி. தொட்டி நிற்கும் மேடை 3 அடி. தொட்டியின் வாய் அதற்கும் மேல் 5 அடி. ஆகமொத்தம் 45 அடி. பலர் தரையிலிருந்து மொட்டை மாடி வரை மட்டும் அளந்து 30 அடி என்று சொல்லிவிடுவர். சம்பின் ஆழமும் தொட்டியின் வாயும் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

இதனோடு குழாய் தரும் தடையையும் கூட்டவேண்டும். குழாயின் உட்சுவரில் உராய்ந்து, முழங்கை வளைவுகளில் மோதித் திரும்பி நீர் செல்வதால், அது உண்மையில் ஏறும் உயரத்தைவிட அதிக உயரம் ஏறுவது போன்ற சுமை பம்பின்மேல் விழுகிறது. நிமிடத்திற்கு 30 லிட்டர் வீதம் ஒரு அங்குலக் குழாயில் ஏற்றினால், வளைவுகளையும் சேர்த்து, இவ்வீட்டில் இத்தடை ஏறத்தாழ 5 அடி. அதே நீரை முக்கால் அங்குலக் குழாயில் ஏற்றினாலோ அது 19 அடி அளவிற்கு உயர்ந்துவிடும்! கால் அங்குலத்தை மிச்சம் பிடித்ததற்காகக் கட்டாத மாடி ஒன்றுக்கு நீரேற்றிக் கொண்டே இருக்கிறோம். குழாயின் உள்விட்டம் பாதியானால் தடை ஏறத்தாழ முப்பது மடங்காகும் என்பதைக் குழாய் வாங்கும் நாளிலேயே நினைவிற்கொள்வது நலம். சுவருக்குள் புதைத்துப் பூசிய குழாயைப் பின்னர் மாற்றுவது எளிதன்று.

ஒரு அங்குலக் குழாயே போட்டதாகக் கொள்வோம். மொத்தம் 50 அடி, அதாவது சற்றேறக்குறைய 15 மீட்டர். நிமிடத்திற்கு 30 லிட்டர் நீரை 15 மீட்டர் உயர்த்துவதற்கு வேண்டிய தூய ஆற்றல் எவ்வளவு தெரியுமா? 75 வாட். பழைய குண்டு விளக்கு ஒன்று எரிவதற்கு வேண்டிய அளவு. ஒரு குதிரைத்திறன் 746 வாட் ஆதலின், இது அதில் பத்தில் ஒரு பங்கு. வீட்டிற்கான சிறு பம்புகள் தாம் வாங்கும் மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்களவே நீரை உயர்த்தும் வேலையாக மாற்றுகின்றன. சிலவற்றில் அதற்கும் குறைவு. அந்த இழப்பைக் கணக்கிட்டாலும் 300 முதல் 400 வாட் மின்சாரத்தில் வேலை முடிந்துவிடும். அரைக் குதிரைத்திறன் மோட்டார், சரியான பம்போடு இணைந்திருப்பின், இவ்வீட்டிற்குப் போதுமானது. தொட்டி நிறைய ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். காலையில் அரை மணியும் மாலையில் அரை மணியும் ஓடட்டுமே! நாள் முழுவதற்கும் அரை யூனிட் மின்சாரம் கூட ஆகாது.

"சற்றுப் பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்கலாம். விலையும் மின்செலவும் ஒருபுறம் இருக்க, வேறு தீங்கும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளப் பம்பின் தகட்டைப் படிக்கத் தெரியவேண்டும். கடைகளில் ஹெட் என்று சொல்வது உயரத்தை. டிஸ்சார்ஜ் என்பது வரும் நீரின் அளவை. தகட்டில் ஹெட் 6 முதல் 24 மீட்டர் என்று இருந்தால், 24 மீட்டரிலும் நிறைய நீர் கொட்டும் என்று பொருளன்று. அவ்வுயரத்தில் நீர் நூல் போலத்தான் வரும். நமக்கு வேண்டிய உயரம் அவ்விரண்டு எண்களுக்கும் நடுவே விழுமாறு பார்த்து வாங்கவேண்டும். நமது 15 மீட்டருக்கு இத்தகைய பம்பு பொருந்தும். எந்த உயரத்தில் எத்தனை லிட்டர் வரும் என்னும் அட்டவணையைத் தயாரிப்பாளர்கள் தருகின்றனர். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்றும் பாருங்கள்.

சுழல்விசையால் நீரைத் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் பம்பின் இயல்பு விந்தையானது. உயரம் குறையக் குறைய அதன் வழியே நீர் மிகுதியாகப் பாய்கிறது. மோட்டாரின் சுமையும் ஏறுகிறது. நாற்பது மீட்டருக்கென்று செய்த பம்பைப் பத்து மீட்டரில் ஓடவிட்டால், அது இளைப்பாறுவதாக நாம் எண்ணுவோம். உண்மையில் அது அளவிற்கு மீறி மின்சாரத்தை இழுத்துச் சூடேறிக் கொண்டிருக்கும். காயில் எரிந்துபோனதாகக் கூறி ரீவைண்டிங் கடைக்கு வரும் மோட்டார்களுள் இவ்வகையினவும் உண்டு. விளிம்பில் சிறுசிறு பற்களைக் கொண்ட சக்கரத்தால் இயங்கும் ரீஜெனரேட்டிவ் பம்பிற்கோ இயல்பு நேர்மாறு. உயரமும் தடையும் கூடினால்தான் அதற்குச் சுமை. வெளிக்குழாயின் வால்வை மூடிவிட்டு அதை ஓட்டவே கூடாது. வீடுகளுக்கென்று விற்கும் சிறிய அரைக் குதிரைத்திறன் பம்புகளிற் பல இவ்வகையைச் சேர்ந்தவை. சக்கரத்திற்கும் கூட்டிற்கும் இடைவெளி மிகக் குறுகலாதலின் மணல் கலந்த நீர் இவற்றிற்குப் பகை.

இதுகாறும் சொன்னவை நீரைத் தள்ளுவது பற்றி. உறிஞ்சுவதற்கு வேறு சட்டம் உண்டு. அச்சட்டத்தை எந்தக் குதிரைத்திறனாலும் மீற முடியாது. பதினெட்டு முழத்திற்குமேல் எந்த உறிஞ்சு பம்பும் நீரை ஏற்றுவதில்லை என்னும் செய்தியைக் கலிலேயோ 1638-இல் வெளியான தம் நூலில் குறித்துள்ளார். காரணத்தை விளக்கியவர் அவருடைய சீடர் டாரிசெல்லி. பம்பு நீரை இழுப்பதில்லை. குழாயினுள் காற்றை நீக்கி இடம் தருகிறது. வெளியே நீரின் மேற்பரப்பை அழுத்தும் காற்றின் எடையே நீரை மேலேற்றுகிறது என்று அவர் கண்டார். அக்காற்றால் தாங்கக்கூடிய நீரின் உயரம் கடல்மட்டத்தில் ஏறத்தாழ 34 அடி. நடைமுறையில் 25 அடிக்கு மேல் நம்ப இயலாது. கொடைக்கானல் போன்ற மலையூர்களில் காற்றழுத்தம் குறைவாதலின் 34 அடி என்பது 26 அடியாகிவிடும். அங்கே உறிஞ்சு பம்பிடம் 17 அடிக்குமேல் எதிர்பார்ப்பது வீண்.

ஆகவே பம்பின் வகையைத் தீர்மானிப்பது மாடியின் உயரமன்று, நீரின் ஆழமே. சம்பிலிருந்தோ ஆழமற்ற கிணற்றிலிருந்தோ எடுப்பதாயின் மேலே வைக்கும் மோனோபிளாக் பம்பு போதும். பழுது பார்ப்பது எளிது, விலையும் குறைவு. ஆனால் ஃபுட் வால்வில் சிறு தூசி அடைத்துக் கசிந்தாலும், காலையில் குழாயில் காற்றே இருக்கும். வாளியும் கையுமாகப் பிரைமிங் செய்யவேண்டும். அத்தொல்லை வேண்டாதவர் சம்பிற்குள்ளேயே மூழ்கியிருக்கும் ஓப்பன்வெல் வகையை நாடலாம். ஓசையும் குறைவு, கீழே முதியோர் உறங்கும் அறையை ஒட்டிச் சம்பு இருப்பின் அது சிறு நன்மையன்று. ஆழ்துளைக் கிணறாயின் நீர்மூழ்கி மோட்டாரே ஏற்றது. நீர் குறைந்து மணலும் வரும் பழைய துளைகளில் கம்ப்ரஸர் வைப்பதுண்டு. அது கிடைக்கும் சிறிதளவு நீரையும் விடாமல் கொணரும். மின்சாரத்தைத் தாராளமாகத் தின்னும். வேறு வழியில்லாதபோதே அதை நினைக்கலாம்.

ஆழ்துளைக்கு மோட்டார் வாங்குவோர் ஐப்பசி, கார்த்திகையில் உள்ள நீர்மட்டத்தைச் சொல்லி வாங்குவது வீண் செலவிற்கு வழி. வைகாசியில் நீர் எங்கே நிற்கிறது என்பதே கேள்வி. மழைக்காலத்தில் 60 அடியில் நிற்கும் நீர் கோடையில் 150 அடிக்கு இறங்கினால், அதே மோட்டாருக்கு இன்னும் 90 அடி உயரம் கூடிவிட்டது என்றுதானே பொருள்? 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையில் கிணறுகளும் ஆழ்துளைகளும் வறண்டதை நாம் அறிவோம். துளையில் நீர் ஊறும் வேகத்தைவிட விரைவாக இறைக்கும் பெரிய மோட்டார், சில நிமிடங்களில் துளையை வற்றச் செய்து வெறுமனே ஓடும். சுற்றியுள்ள நீரே இத்தகைய மோட்டாரைக் குளிர்விப்பதால், வெற்றோட்டம் அதற்கு நஞ்சு. நீரில்லாதபோது தானே நிறுத்தும் கருவியைப் பேனல் போர்டில் சேர்த்துவிடுங்கள். மோட்டாரின் விலையை நோக்க அது அற்பம்.

தெருக்குழாய் பற்றியும் சொல்லவேண்டும். நகராட்சிக் குழாயில் நேரே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வழக்கம் பல தெருக்களில் இருக்கிறது. "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது சமாதானம். இது விதிகளால் தடுக்கப்பட்ட செயல். இரகசியமாகச் செய்வோருக்கும் அது தெரியும். அவர்களுக்குத் தெரியாதது வேறொன்று. மோட்டார் உறிஞ்சும்போது தெருக்குழாயினுள் அழுத்தம் வெளியழுத்தத்தைவிடத் தாழ்ந்துவிடலாம். அப்போது மண்ணுக்கடியில் விரிசலுள்ள இடங்களில் குழாய் நீர் வெளியே கசிவதற்கு மாறாக, வெளியிலுள்ள அழுக்கு நீர் உள்ளே புகும். சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயானால் கேட்கவும் வேண்டுமோ? தெருக்கோடியில், மோட்டார் வாங்க வசதியற்ற வீட்டில், குடத்தோடு காத்து நிற்கும் தாய்க்கு முதலில் நீர் இல்லாமற் போகிறது; பின்னர் வரும் நீரும் அவள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைத் தருகிறது. தெருக்குழாயின் நீர் தன் இயல்பான வேகத்தில் சம்பில் விழட்டும். அங்கிருந்து மேலேற்ற எந்த மோட்டாரையும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் மாடியில் குடியிருப்போர் மற்றொரு குறை சொல்வதுண்டு: கீழே குழாயில் நீர் பீறிடுகிறது, மேலே குளியலறையில் சொட்டுகிறது என்று. இதற்கும் பெரிய மோட்டார் மருந்தன்று. மோட்டார் தொட்டியை நிரப்புவதோடு சரி; குழாயின் வேகம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது. மேல்தளத்திற்குத் தொட்டி தலைக்குமேல் சில அடிகளில் இருப்பதால் அழுத்தம் குறைவு. மேடையை உயர்த்தலாம். அல்லது மேல்தளத்திற்கு மட்டும் தொட்டியிலிருந்து தனிக்குழாய் இறக்கிச் சிறு பிரஷர் பம்பு ஒன்றை வைக்கலாம்.

மின்சாரமும் நீரும் ஒரே இடத்தில் கூடுவதால், எர்த் இணைப்பு இல்லாத மோட்டார் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும் ஆபத்தானது. சிறு மின்கசிவிலும் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் காப்புச் சாதனத்தை மின்பணியாளரிடம் கேட்டுப் பொருத்துங்கள். நீர்மூழ்கி மோட்டாரை அதன் மின்கம்பியைப் பிடித்துத் தூக்குவோர் உளர், அது தகாது. அதற்கெனக் கயிறு உண்டு. சம்பைக் கழுவ இறங்குமுன் மெயின் சுவிட்சையே அணைக்கவேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த சம்பில் மூச்சடைக்கும் காற்று தேங்கியிருக்கக் கூடும். மூடியைத் திறந்து நன்கு காற்றாடவிட்ட பின்னரும், மேலே ஒருவர் நிற்காமல் தனியே இறங்குதல் ஆகாது. மூடிக்குப் பூட்டு வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டிற்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

மோட்டார் பொருத்திய முதல் நாளன்று வெறுந்தொட்டி நிறைய எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்த்து, சுவிட்சுக்கு அருகே சுவரில் எழுதி வையுங்கள். பேனலில் ஆம்பியர் மானி இருந்தால் அது காட்டும் எண்ணையும் எழுதுங்கள். ஆறு திங்கள் கழித்து அதே தொட்டிக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகுமாயின், ஃபுட் வால்வின் வலை அடைத்திருக்கலாம், சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது கிணற்றில் நீர் இறங்கியிருக்கலாம். முதலில் வலையைக் கழுவிப் பாருங்கள்.