ஈழ நாவல் தைலம் அல்ல

போன மாசம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு அண்ணன் பேசினார். போர் இலக்கியத்தைப் படித்தால் காயம் ஆறும், நல்லிணக்கம் வரும், அதனால் அதைக் கல்லூரியில் பாடமாகவே வைக்க வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

பின்வரிசையில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். என்னோடு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்பவர். பக்கத்து மாவட்டத்து அகதி முகாமில் பிறந்தவர். திருப்பூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறார். முகாமில் ஆள் எண்ணுகிற நாளைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறுவார். அதற்கும் பேர் செக்கிங்தான். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது கேட்டார்: "ஆரோட ஆர் சமாதானமாகிறது தம்பி? சண்டை போட்டவங்க ஒருத்தரும் இந்த ரூம்ல இல்லையே."

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு மாசமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த 'நல்லிணக்கம்' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. 2009 மே மாதம் போர் முடிந்தது. 2010 மே மாதம் இலங்கை அரசு ஒரு ஆணைக்குழு அமைத்தது. பேர்: கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு. யாரும் வாயைத் திறக்கும் முன்பே பாடம் கற்றாகிவிட்டது! காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் உட்கார்ந்தார்கள். பிள்ளை எங்கே என்று கேட்பவளிடம் நாவலைக் கொடுத்து ஆறிக்கொள் என்பதா? பதில் சொல்ல வேண்டியவன் சும்மா இருக்க, பறிகொடுத்தவள் குணமாக வேண்டும் என்றால் அது அயோக்கியத்தனம்.

அப்படியென்றால் படிக்க வேண்டாமா? படிக்கணும். ஆனால் நாம் படிக்கிற லட்சணத்தோடுதான் என் சண்டை.

தமிழ்நாட்டில் நாம் ஈழத்தை இரண்டு காரியத்துக்குத்தான் படிக்கிறோம்: அழுவதற்கு, இல்லாவிட்டால் மார் தட்டுவதற்கு. ரெண்டுக்கும் ஆகாத புத்தகத்தை நீட்டினால் வரும் முதல் கேள்வி, "எழுதினவன் எந்தப் பக்கம்?" இயக்கத்துக்குள் நடந்த சித்திரவதையைக் கோவிந்தன் 'புதியதோர் உலகம்' நாவலில் 1985லேயே எழுதிவிட்டார். 'முறிந்த பனை' எழுதியவர்களில் ஒருவரான ரஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016ல் வந்தபோது, செத்துப்போனவர் எழுதியதுதானா என்று நம்மாட்கள் கைரேகை பார்த்தார்கள்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் ரெண்டு மணி நேரம். காதர்பேட்டையில் ஒரு கடைக்காரரிடம் போய், ரெண்டு மணி நேரத்தில் எல்லாத்தையும் போட்டுவிட்டு ஊரைக் காலி பண்ணு என்று சொன்னால் எப்படி இருக்கும்? எங்கள் வட்டத்தில் பன்னிரண்டு பேர். மூன்று பேருக்குத்தான் இந்தச் சம்பவமே தெரிந்திருந்தது. 1971லும் 87-89லும் ஆயிரமாயிரம் சிங்கள இளைஞர்களை அதே இலங்கை அரசு கொன்றது. அது ஒருத்தருக்கும் தெரியாது.

செக்கிங் டேபிளில் ஓட்டை தெரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவோம். தைத்தது நம்ம ஆள் என்று விட்டால் மொத்த லாட்டும் திரும்பி வரும்.

நல்ல போர் இலக்கியம் யாரையும் தூங்க வைக்காது. ஆப்கன் போரைப் பற்றி ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் எழுதிய புத்தகத்துக்காக, அவரிடம் பேசிய தாய்மாரிலும் சிப்பாய்களிலும் சிலரே மின்ஸ்க் நகரில் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். தன் மகன் வீரனாகவே இருக்க வேண்டும் என்று தாய் விரும்புவது இயல்பு. எழுத்து அந்த இடத்தில்தான் போய் இடிக்கிறது. இதில் தைலம் எங்கே இருக்கிறது?

சரி, நம் பங்குக்கு வருவோம். 1983லிருந்து இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். 2021ல் அகதி முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். நல்ல பேர்தான். ஆனால் 2019ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மோடு ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்னும் இந்தியர் இல்லை. வன்னியை நினைத்து அழுகிற நமக்குப் பக்கத்து டேபிள் தெரிவதில்லை. அக்காவோடு ரெண்டு வருசம் வேலை பார்த்திருக்கிறேன். அப்பா அம்மா எந்த ஊர் என்று ஒரு நாள் கேட்டதில்லை. கேட்டால் சங்கடப்படுவார் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். சங்கடம் எனக்குத்தான்.

பாடமாக வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றோடொன்று சண்டை போடும் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முகாமிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டால் மேடையேற்றி அழ வைக்காதீர்கள். பாடத்திட்டம் போடுகிற மேசையில் நாற்காலி கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு எந்தப் புத்தகம் வைக்கலாம் என்று அக்காவிடம் கேட்டேன். "அந்த ஞாயிறு முகாம்ல செக்கிங் தம்பி, வர ஏலாது" என்றார். கூட்டத்தை மறு வாரத்துக்குத் தள்ளியிருக்கிறோம். புத்தகம் இன்னும் முடிவாகவில்லை.