சுரங்கம் திறக்குமுன் சோதனை நடக்கட்டும்

காஷ்மீரில் சோனாமார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. அடுத்து, ஏறத்தாழ 13 கி.மீ. நீளத்துக்கு சோஜிலா கணவாய்க்கு அடியில் மலை குடையப்பட்டு வருகிறது. அந்த வேலையும் முடிந்தால் லடாக் சாலையில் ஆண்டு முழுக்க வண்டி ஓடும். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால், ஜம்முவில் டேங்க் நிரப்பிய நாமக்கல் லாரி ஒன்று ஜனவரி இரவில் சோஜிலாவுக்கு அப்பாலுள்ள திராஸில் நின்றால் விடியலில் கிளம்புமா? இதுவரை இப்படிப்பட்ட லாரிகளைப் பனியே தடுத்து வைத்திருந்தது.

சாதாரண டீசல் குளிர்காலத்தில் 6 டிகிரி வரை ஃபில்டரை அடைக்காமல் இருந்தால் போதும் என்கிறது நம் தரவிதி. திராஸில் மைனஸ் 20 டிகிரி அபூர்வமல்ல. அந்தக் குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு, ஃபில்டரில் வெண்ணெய்போல் அப்பிக்கொள்ளும். செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. மெழுகை உருக்க டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது உயிரோடு விளையாடுவது. மண்ணெண்ணெய் கலந்தால் உறைவது தள்ளிப்போகும்; வழவழப்புக் குறைந்து பம்ப் தேயும்.

லடாக்குக்கென 2019-இல் இந்தியன் ஆயில் கொண்டுவந்த தனி டீசல் மைனஸ் 33 டிகிரியிலும் வழிந்தோடும். பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் வழிந்தோடுவது வேறு, ஃபில்டரைக் கடப்பது வேறு. ஆய்வுக்கூடத்தில் டீசலைக் குளிரவைத்து, ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் 20 மி.லி.யை 45 மைக்ரான் வலை வழியே உறிஞ்சிப் பார்க்கிறார்கள். 60 விநாடிக்குள் ஏறாவிட்டால் அதுவே அடைப்பு எல்லை. லாரியின் ஃபில்டரோ அந்த வலையைவிடப் பல மடங்கு நுண்ணியது.

டீசல் மட்டுமா? லாரிகளில் பரவலாக ஊற்றப்படும் 15டபிள்யூ-40 ஆயிலில் இன்ஜின் சுழலுமா என்று பார்க்கும் குளிர்சோதனை மைனஸ் 20 டிகிரியோடு நிற்கிறது. பிஎஸ்-6 வண்டியில் புகையைச் சுத்திகரிக்கும் யூரியா கரைசல் மைனஸ் 11-லேயே கட்டியாகிவிடும். பேட்டரியும் தளர்ந்திருக்கும். 3,200 மீட்டருக்கு மேலான அந்த உயரத்தில் காற்றும் மெலிது. அழுத்தத்தால் பிறக்கும் சூடும் குறைவு. தனித்தனியே தேறிய பொருள்கள் ஓரிரவில் ஒன்றாகத் தோற்கலாம்.

ஆகவே முழு வண்டியையும், சந்தையில் கிடைக்கும் அதே டீசல், அதே ஆயிலோடு, திராஸில் இரவெல்லாம் நிறுத்திவைத்து விடியலில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். முடிவு ஓட்டுநர் கைக்கு வர வேண்டும். அடைப்பு எல்லையை பங்க்கிலேயே எழுதி வைக்க வேண்டும். குளிர்கால டீசல் சுரங்கத்துக்கு இந்தப் பக்கமே கிடைக்க வேண்டும். திராஸுக்குப் போய் நிரப்பினால், ஃபில்டரிலும் குழாயிலும் நிற்பது ஜம்மு டீசல்தான்.