கடன் வாங்குமுன் கணக்குப் போடுவோம்!



நம் வீடுகளுக்குக் கடன் புதிதல்ல. என் அப்பா ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் எங்கள் அடுப்பு எரிவதே கடனில்தான். பள்ளிக்கூடம், காலேஜுக்குப் பணம் கட்டுவதும் அதே சமயத்தில்தான் வருகிறது! ஆகவே படிப்புச் செலவு என்றாலே எங்கள் தெருவில் முதலில் நினைவுக்கு வருவது வட்டிக்கடை.

பொங்கல் முடிந்து ஒரு நாள், கலர் நோட்டீசுடன் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். "லேப் டெக்னீசியன் டிப்ளமோ, ரெண்டே வருஷம். முடிச்ச மறுநாளே வேலை. வருஷத்துக்கு ஒரு லட்சம். இப்பவே பத்தாயிரம் முன்பணம் கட்டினா சீட்டு உறுதி" என்றார். அம்மா கழுத்துச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்பா என்னிடம், "நீதான்ப்பா படிச்சவன், நீயே சொல்லு" என்றார். வீட்டில் முதலில் படிக்க வந்தவனுக்குக் கிடைக்கும் பெரிய பதவி இதுதான். பதில் தெரிகிறதோ இல்லையோ, சொல்லியாக வேண்டும்!

நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். இதே மாதிரி ஒரு தனியார் நிறுவனத்தில் இந்தப் படிப்பை முடித்து, ராமநாதபுரத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கும் அக்கா எங்கள் தெருவில் இருக்கிறார். "கையில எவ்வளவு வாங்குறீங்கக்கா?" என்று கேட்டேன். மாதம் 9,000 ரூபாயாம். அதில் பஸ் செலவு வேறு.

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். வங்கிக் கடனுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒரு லட்சமாக இரண்டு லட்சம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை ஆரம்பிக்கும். அதுவரை வட்டி சும்மாவா இருக்கும்? மூன்று வருடத்தில் 50,000 ஏறிவிடும். அந்த இரண்டரை லட்சத்தை ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 5,300 ரூபாய். சம்பளத்தில் பாதிக்கும் மேல்! வட்டிக்கடையில் மூன்று வட்டிக்கு இரண்டு லட்சம் வாங்கினாலோ, வட்டி மட்டுமே மாதம் 6,000. அசல் அப்படியே நிற்கும்.

"இப்படிக் கணக்குப் பார்த்தா ஏழை படிக்கவே முடியாதுடா. கலாம் ஐயாவைப் பாரு" என்றான் நண்பன் ஒருவன். உண்மைதான். கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேருவதற்காக அவருடைய அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். எங்கள் ஊரில் இது தெரியாத பிள்ளை இல்லை. ஆனால் அந்த நகையைத் தன் சம்பாத்தியத்தில் மீட்க வேண்டும் என்று உறுதி எடுத்து, உதவித்தொகைக்காக அவர் பாடுபட்டுப் படித்ததை நாம் மேடையில் சொல்வதில்லை. அடகு வைத்தது தியாகம் என்றால், மீட்க வழி பார்த்தது பொறுப்பு. இரண்டும் வேண்டும்.

நான் கடனுக்கு எதிரி அல்ல. வங்கிகளில் 4 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமலே கல்விக் கடன் உண்டு. என் கருத்து இவ்வளவுதான்: மாதத் தவணை, முதல் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 9,000 சம்பளத்துக்கு அது 2,250. அப்படியானால் தவணை தொடங்கும்போது கடன், வட்டியோடு சேர்த்து, சுமார் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அனுபவம் வந்தால் சம்பளம் கூடும் என்பார்கள். கூடட்டும்! தவணை அதுவரை காத்திருக்காதே.

முன்பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பில் சொல்லும் தகுதிக்கு இந்தச் சான்றிதழ் செல்லுமா? வங்கி இந்த நிறுவனத்துக்குக் கடன் தருமா, தராவிட்டால் ஏன்? போன வருடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே, கையில் வாங்குவது எவ்வளவு?

அதற்கெல்லாம் முன்னால் அரசு இடத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் துணை மருத்துவப் படிப்புகள் குறைந்த கட்டணத்தில் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

நாங்கள் முன்பணம் கட்டவில்லை. தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "நீ மட்டும் படிக்கலாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் குத்துகிறது. ரிசல்ட் வந்ததும் அவளுக்கான அரசு விண்ணப்பம் ஒன்று விடாமல் நானே உட்கார்ந்து போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயம், ஒவ்வொரு ஊரிலும் நம்மில் இரண்டு பேர் உட்கார்ந்து, கேட்டு வருகிற வீட்டாருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்போம். டிராயிங் ஷீட்டில் அளவு பார்த்துக் கோடு போடப் பழகிய நமக்கு இது பெரிய வேலையா? ஆழம் பார்த்துக் காலை விடச் சொல்ல, நம் தெருவில் நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? சிந்திப்பீர் தோழர்களே!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை