வயலை மட்டப்படுத்துவது யார் செலவு?

அறுப்புச் சமயத்தில் எங்கள் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தால் காதில் விழுவதெல்லாம் மிஷின்காரர்கள் மேல் புகார்தான். தாளை முழங்கால் உயரத்துக்கு விட்டுவிட்டுப் போய்விட்டான், வைக்கோல் தேறவில்லை, சேற்றிலேயே சுற்றி மணிக்கணக்கை ஏற்றிவிட்டான். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் குற்றம் வயலின் மேடு பள்ளத்தில் இருக்கிறது என்பேன். அதைச் சரிசெய்ய வேண்டியவர் நிலத்துக்குச் சொந்தக்காரர், குத்தகைக்காரர் அல்ல. இதைச் சொன்னால் என் வயசு நண்பர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது.

கையால் அறுத்த காலத்தில் மேடு பள்ளம் ஒரு பொருட்டில்லை. அரிவாள் பிடித்தவர் மேட்டிலும் குனிந்தார், பள்ளத்திலும் குனிந்தார். தாள் எங்கும் ஒரே உயரம். மிஷினுக்கு முன்னால் இருக்கும் கத்தியோ ஆறேழு அடி அகலத்துக்கு ஒரே சட்டம். ஒரு பக்கம் மேடு தட்டினால் மண்ணைக் கொத்தும். கத்தி போய்விடுமே என்று ஓட்டுபவர் தூக்கிப் பிடிப்பார். தூக்கினால் பள்ளத்தில் தாள் நெட்டையாக நிற்கும், சாய்ந்த கதிர் தப்பிவிடும்.

இன்னொரு தொல்லை ஈரம். அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் மடையைத் திறந்து வடித்தாலும் நடுவயல் பள்ளத்தில் தண்ணீர் கிடக்கும். செயின் வண்டியே அங்கே திணறும். போன வழியெல்லாம் ஆழத் தடம் விழும். தாளில் உளுந்து தெளித்திருந்தால் அந்தத் தடத்தில் அத்தனையும் போச்சு.

நெல்லையும் பாருங்கள். மேட்டுப் பயிர் முந்தி முற்றும், பள்ளத்துப் பயிர் பச்சையாகவே இருக்கும். இரண்டும் ஒரே தொட்டியில் கலந்து கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஈரப்பதம் 17 சதவீதம் என்பது கணக்கு. மழை வருஷத்தில் கொஞ்சம் தளர்த்துவார்கள். மீறினால் ரோட்டில் கொட்டிக் காயவைத்து, இரவில் தார்ப்பாய் போட்டுக் காவல் படுப்பவர் யார்? குத்தகைக்காரர்தான். பட்டணத்தில் இருக்கும் நிலக்காரருக்கு இது தெரியவே தெரியாது.

'அதான் பரம்பு அடிக்கிறோமே' என்பார்கள். பரம்பு நாலு விரல் மேட்டைச் சரிசெய்யும். ஒரு முழ மேட்டை அது என்ன செய்யும்? அதற்குக் கோடையில் மண்ணை வெட்டி நகர்த்தித்தான் ஆக வேண்டும். இப்போது லேசர் கருவி வந்திருக்கிறது. வயலோரம் முக்காலியில் நிற்கும் கருவி ஒளிக்கற்றையைச் சுற்றி வீச, டிராக்டர் இழுக்கும் வாளி அதைப் பார்த்துத் தானே ஏறி இறங்குகிறது. வயல் காய்ந்து, உழுது கட்டி உடைத்திருக்க வேண்டும். மேடு ரொம்ப அதிகமானால் முதலில் ஜேசிபி. வேளாண்மைப் பொறியியல் துறையிலும் புல்டோசர் வாடகைக்குக் கிடைக்கும்.

ஜேசிபி விஷயத்தில் மட்டும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வேலையைச் சீக்கிரம் முடிக்க, மேட்டை அப்படியே சுரண்டிப் பள்ளத்தில் தள்ளிவிடுவார்கள். சோறு போடுவது மேலே இருக்கும் அரை அடி மண். அது போய்விட்டால் வெட்டுப்பட்ட இடம் இரண்டு மூன்று போகம் வெளிறிக் கிடக்கும். மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவித்து, அடிமண்ணை மட்டம் பண்ணி, மறுபடி மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். வாடகை மணிக்கணக்கு என்பதால் செலவு கூடும். கூடட்டும்.

அந்தச் செலவுதான் பிரச்சினை. எங்கள் பக்கம் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. அதற்குப் பயந்தே நிலக்காரர்கள் எழுத்தில் எதுவும் தருவதில்லை, சிலர் வருஷத்துக்கு ஒரு ஆளாக மாற்றுகிறார்கள். அடுத்த போகம் நிச்சயமில்லாதவர் மண்ணில் எதற்குப் பணம் போடுவார்? என் நிலத்தைச் செய்பவரிடம் ஒருமுறை, 'பாதிப் பாதி போட்டுக்கலாமா?' என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "நாளைக்கு வேற ஆளுக்கு விட்டுட்டீங்கன்னா, நான் போட்ட மண்ணு உங்க வயல்லதானே சார் கெடக்கும்?" இதற்கு என்ன பதில் சொல்வது? விதை, உரம், உழவு அந்தந்தப் போகத்தோடு போய்விடும், அதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். மட்டம் நிலத்தோடு இருக்கிறது. நாளை விற்றாலும் அதற்கான விலை எனக்குத்தான்.

ஆகவே என் ஆறு மாவுக்கு முழுச் செலவும் நானே செய்தேன். அவர் தன் பங்காக வெட்டுப்பட்ட இடத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். அப்படியும் முதல் போகம் அங்கே பயிர் கொஞ்சம் இளைப்புத்தான். ஆனால் வயல் முழுக்க ஒன்றாக முற்றியது, வண்டி எங்கும் சிக்கவில்லை. வைக்கோல் கட்டுகளும் கூடுதலாகவே கிடைத்தன என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

குத்தகை நெல்லே ஒழுங்காக வருவதில்லை, இதில் இந்தச் செலவு வேறா என்று கேட்கும் நண்பர்களுக்கு: நடுவயலில் தண்ணீர் தேங்கும் நிலத்தில் விளைந்தது எவ்வளவு, கொள்முதலில் தேறியது எவ்வளவு என்று செய்பவரிடம் உட்கார்ந்து கணக்குக் கேட்டிருக்கிறீர்களா? உளுந்து எடுத்த பிறகு, ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணீர் வாய்க்காலுக்கு வரும்வரை வயல் சும்மாதான் கிடக்கிறது. ஒருநாள் பஸ் ஏறி வந்து வரப்பில் நின்று பாருங்கள்.