திருகாணியைத் திருகத்தான் வேண்டும்

ஆபீஸில் ஆணி பிடுங்குகிறோம் என்று நாமெல்லாம் அலுத்துக்கொள்வது வழக்கம். போன மாதம் எனக்கு நிஜமாகவே ஆணி பிடுங்குகிற வேலை வந்தது.

கரோல் பாகில் வாடகை வீடு. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெண்ணின் படிப்பு மேஜைக்கு மேலே சுவரில் ஒரு புத்தக அலமாரி. மெட்ரோவில் நாலு ஸ்டேஷன் தள்ளி இருக்கும் கீர்த்தி நகரில் வாங்கிய 18 மி.மீ. வெள்ளை மெலமைன் போர்டு. ஒரு மிஸ்திரி ஒரே நாளில் செய்து மாட்டிவிட்டுப் போனார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. எட்டாவது மாதம், ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, மேல் தட்டு பக்கப் பலகையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு புத்தகங்களோடு மேஜை மேல் விழுந்தது. பெண் பத்தரைக்குத்தான் எழுந்து படுக்கப் போயிருந்தாள். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாள் தட்டை எடுத்துப் பார்த்தேன். ஸ்க்ரூ உடையவில்லை, வளையவும் இல்லை. ஓட்டையைத் தட்டினால் மாவு மாதிரி தூள் கொட்டியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மிஸ்திரி ஸ்க்ரூவைச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்று மட்டும் திருப்புளியால் திருகினார். நான் காபி குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்படி அடிக்கலாமா?" என்று கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க சாப்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

நல்ல மரத்தில் இப்படி அடித்தாலும் ஓரளவு தாங்கும். மரத்துக்கு நார் உண்டு, பிடித்துக்கொள்ளும். மெலமைன் போர்டுக்கு உள்ளே இருப்பது மரத்துகளைப் பிசினோடு சேர்த்துச் சூட்டில் அழுத்திய பலகை. மேல்புறம் கெட்டி, நடுப்பகுதி பொலபொல. அலமாரியில் ஸ்க்ரூ போய் உட்காருவது தட்டின் விளிம்பில், சரியாக அந்தப் பொலபொலப்பில். அங்கே மரை கடித்துக்கொண்டால்தான் உண்டு. அடித்து இறக்கினால் மரை போகிற வழியெல்லாம் துகளை நொறுக்கிக்கொண்டே போகும். வழவழப்பான மெலமைன் மேல் ஃபெவிகாலும் சரியாக ஒட்டாது. ஆக மொத்த பாரமும் மரையின் தலையில்தான்.

நம் பாட்டிமார்களுக்கு இது தெரியும். தோட்டைப் போடும்போது "மெதுவா திருகுடி, மரை போயிடும்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள்! திருகாணி என்ற பேரிலேயே திருகல் இருக்கிறது. இந்தியில் ஸ்க்ரூ 'பேச்', திருப்புளி 'பேச்கஸ்', அதாவது பேச்சை இறுக்குவது. இரண்டு மொழியிலும் அடிப்பதற்கு இடமில்லை.

பழைய அலமாரியைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது போர்டில் திரும்பச் செய்தோம். இந்தத் தடவை நான் கற்றுக்கொண்டது இதுதான்.

கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ வேண்டாம். கெட்டியாக இருக்கும், ஆனால் பாரம் தாங்காமல் பட்டென்று முறியும். அடிப்பக்கம் பருத்து நுனி சிறுக்கும் பழைய மர ஸ்க்ரூவும் வேண்டாம், ஆப்பு மாதிரி இறங்கி விளிம்பைப் பிளக்கும். சிப்போர்டு ஸ்க்ரூ என்று கேட்டு வாங்குங்கள். தண்டு மெலிசு, மரை அகலமாகவும் கூர்மையாகவும் இருக்கும். 18 மி.மீ. போர்டுக்கு 4 மி.மீ. கனம், 50 மி.மீ. நீளம் சரியாக வரும். முதல் பலகையில் 18 போனால், விளிம்புக்குள் 32 மி.மீ. இறங்கும்.

விளிம்பின் நட்டநடுவில் 3 மி.மீ. துளை போட வேண்டும். பக்கப் பலகையில் 4.5 மி.மீ. துளை, ஸ்க்ரூ அங்கே தாராளமாக நுழைய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பலகைக்கும் நடுவே இடைவெளி நிற்கும். தலை உட்காரக் கொஞ்சம் குழி எடுத்தால் மெலமைன் சிதறாது. மூலையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியே போடுங்கள். மெஷினில் திருகினால் வேகத்தையும் இறுக்கத்தையும் குறைத்து, கடைசிச் சுற்றுகளைக் கையால் முடியுங்கள். தலை படிந்ததும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு திருகு" என்று ஆசைப்பட்டால் உள்ளே மரை அறுந்துவிடும்.

மாற்றலில் கழற்றி மாட்டுகிறவர்கள் பழைய ஓட்டையில் ஸ்க்ரூவை வைத்து முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். டக்கென்று பழைய மரையில் விழும். அதன்பிறகு உள்ளே திருகுங்கள். அடிக்கடி கழற்ற வேண்டியிருந்தால் 7 மி.மீ. கனமுள்ள கன்ஃபர்மாட் ஸ்க்ரூ மேல்.

'இந்த போர்டே மட்டம், பிளைவுட் போட்டிருக்கலாம்' என்றார் தங்கமணி. பிளைவுட் உசத்திதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் விழுந்ததற்குக் காரணம் போர்டு இல்லை. மிஸ்திரி மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். மொத்தமாக ஒரு தொகை பேசி, சாயங்காலத்துக்குள் முடி என்று நின்றது நான். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு நிமிஷம் என்றால் நாற்பது ஸ்க்ரூவுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்துக்கு நான் கூலி பேசவே இல்லை. மார்ச் 31க்குள் கணக்கை முடித்தாக வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கினால் நாம் என்னென்ன செய்கிறோம் என்பது பாங்க்காரனுக்குத் தெரியாதா? அவரும் நம்மைப் போல ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்தான்.

அதே மிஸ்திரியைத்தான் கூப்பிட்டேன். 3 மி.மீ. பிட்டை நானே வாங்கி வைத்தேன், அரைநாள் கூலி கூட்டிக் கொடுத்தேன். துளை போட்டுத் திருகினால் கை வலிக்கவில்லை என்று அவரே சொன்னார்.

பெண் இப்போது அந்த அலமாரிக்குக் கீழேதான் படிக்கிறாள். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் தலைக்கு மேல் இப்படி ஒரு தட்டு இருந்தால், இன்றைக்கே ஒரு தரம் ஆட்டிப் பாருங்கள்.