முழங்கால் தண்ணீர் வேறு, சேறு வேறு

ஐப்பசி பிறந்து வங்கக் கடலில் முதல் காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பைப் பக்கத்து இளைஞர்களிடம் ஒரு பேச்சு கிளம்பும். "வருஷா வருஷம் வெள்ளத்துல வண்டி ஓட்டுறவங்க நாம. நமக்குச் சேறு என்ன புதுசா? ரெண்டு பட்டன் டயர் மாட்டினா போதும், மிச்சத்தைத் தில்லு பாத்துக்கும்." டீக்கடையோடு நின்றுவிடும் வெட்டிப் பேச்சு என்றால் விட்டுவிடலாம். மோட்டோகிராஸ் போன்ற மண்தரைப் பந்தயத்தில் இறங்க நினைப்பவர்களும் இதை மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடு சேற்றில் இறங்குகிறவன் முதல் வளைவிலேயே விழுகிறான், கிளட்சை எரிக்கிறான், சில நேரம் காலையும் முறித்துக்கொள்கிறான். வெள்ளத்தில் கிடைத்த பழக்கம் சேற்றுக்குப் போதாது என்பது மட்டும் என் வாதமல்ல. அதில் பாதி, சேற்றில் நமக்கு எதிராகவே வேலை செய்கிறது.

வெள்ளம் பற்றிய நம் பெருமைக்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலை தொடங்கிய ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடி அதே பாடத்தைப் படிக்க வைத்தது. இவ்வளவையும் பார்த்தவர்களுக்கு ஈரத்தைக் கண்டு பயமில்லை என்பது நிஜம். ஆனால் அந்த முழங்கால் தண்ணீருக்கு அடியில் இருந்தது என்ன? தார்ச்சாலை, இல்லையென்றால் சிமெண்ட் சாலை. டயருக்குக் கீழே தரை உறுதியாக இருந்தது. அங்கே பயமெல்லாம் சைலன்சரிலும் ஏர் ஃபில்டரிலும் தண்ணீர் புகுந்துவிடுமோ என்பதுதான். அதனால் முதல் கியர், விடாமல் முறுக்கிய ஆக்ஸிலேட்டர், ஆஃப் கிளட்ச், இரண்டு பக்கமும் தொங்கும் கால்கள், எங்கே குழியோ என்று முன்சக்கரத்தையே பார்க்கும் கண் என்று ஒரு பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. வெள்ளத்துக்கு இது சரி. இதே பழக்கத்தைச் சேற்றுக்குக் கொண்டு போனால், முதல் கியரின் முரட்டு இழுவை பின்சக்கரத்தை இருந்த இடத்திலேயே சுழற்றிக் குழி பறிக்க வைக்கும். ஆஃப் கிளட்சில் தட்டுகள் சில சுற்றுகளிலேயே சூடேறி வழுக்கும். தொங்கும் கால் சக்கரத் தடத்தில் சிக்கிப் பின்னோக்கித் திரும்பும். முன்சக்கரத்தைப் பார்க்கிறவனுக்கு அடுத்த பத்தடியில் எந்தத் தடம் காலி என்பது தெரியாது. சேறு கேட்பது ஏறக்குறைய நேர்மாறானதை: இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் சீரான ஓட்டம், ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்ற உடம்பு, வண்டியைக் கவ்விய முழங்கால்கள், தூரத்தில் பதிந்த பார்வை.

"சேறு" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே, அதுவே முதல் பிழை. தென்சென்னைப் புறநகரில் சில கிலோமீட்டருக்குள் மண்ணின் குணம் மாறிவிடும். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். அந்தக் குன்றுகளின் அடிவாரத்துச் சரளை கலந்த செம்மண்ணில் மழை பெய்தால் தண்ணீர் இறங்கிவிடும். மேலே வழுக்கினாலும் உள்ளே கடினம் இருக்கும். ஏரிக்கரை ஓரக் களிமண் அப்படியல்ல. அதன் துகள்கள் மெல்லிய தகடுகள். இடையில் தண்ணீர் புகுந்ததும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மழை கொட்டும்போது களிமண் கூழாகி டயரிலிருந்து வழிந்துவிடும். மழை நின்று வெயில் எட்டிப்பார்த்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது பசையாகி மட்கார்டுக்குள் அப்பும். அதனால் காலையில் ஒரு பந்தயம், மதியம் ஒரு பந்தயம் என்றால் ஒரே மைதானத்தில் இரண்டு வெவ்வேறு சேறு. மணிமங்கலம் பக்கத்து நெல்வயலில் டிராக்டர் ஓட்டுபவருக்கு இது பாடம் எடுக்காமலே தெரியும். சேற்றுழவுக்கு இறங்கும்போது அவர் ரப்பர் டயரையும் தன் துணிச்சலையும் மட்டும் நம்புவதில்லை; இரும்புக் கேஜ் வீலை மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்.

டயரை எடுத்துக்கொள்வோம். பட்டன் டயர் என்று கடையில் கேட்டு வாங்குவதில் பாதிக்கு மேல் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும் டயர்தான். கடினத் தரைக்கு அது நல்லது. களிமண்ணில் இரண்டு சுற்றுக்குள் இடைவெளி அடைபட்டு, வழுக்கிய மொட்டை டயர் போல உருளும். சேற்றுக்கு வேண்டியது உயரமான, இடைவெளி விட்ட பட்டன். சக்கரம் போதிய வேகத்தில் சுழலும்போது மண்ணைத் தானே உதறிவிடும். அடுத்தது எடை. ஈரக் களிமண் லிட்டருக்குச் சுமார் 1.8 கிலோ. மட்கார்டின் அடியிலும் எஞ்சினுக்குக் கீழே இருக்கும் தகட்டிலும் சேர்ந்து ஆறு லிட்டர் அப்பிக்கொண்டால் பதினோரு கிலோ. நூற்றுப்பத்து கிலோ மோட்டோகிராஸ் வண்டிக்கு அது பத்தில் ஒரு பங்கு. அந்தத் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பொந்தில் நுரைத்துண்டை வெட்டி அடைத்துவிட்டால் மண் உட்கார இடமே இல்லை. செயினை வழக்கத்தைவிடச் சற்றுத் தளர்வாக வைக்க வேண்டும், ஏனென்றால் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே மண் புகுந்தால் செயின் தானாக இறுகும். பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லோ இரண்டு பல்லோ கூட்டினால் கிளட்சைக் கெஞ்சாமல் இழுவை கிடைக்கும். கைப்பிடி ரப்பர் நழுவாதபடி கம்பி கட்ட வேண்டும். கண்ணில் மாட்டும் கண்ணாடிக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிழித்தெறியும் தாள்கள் கனமழையில் உதவாது. நடுவில் தண்ணீர் புகுந்து பார்வை மங்கும். இழுத்தால் நகரும் சுருள் ஃபிலிம்தான் தாங்கும். இடுப்பில் ஒரு சுத்தமான துணியும், தொடங்கும் கோட்டில் மாற்றிக்கொள்ள உலர்ந்த ஒரு ஜோடிக் கையுறையும் வேண்டும். கண் தெரியாமல், கை பிடிக்காமல் இருக்கும்போது தில்லு எதைப் பிடித்து ஓட்டும்?

"என்னதான் தயார் செய்தாலும் சேற்றுப் பந்தயம் லாட்டரிதானே, முன்னால் போகிறவன் விழுந்தால் நாமும் விழவேண்டியதுதானே" என்பார்கள். ஒருவர் விழுந்து இன்னொருவரைச் சாய்ப்பது நடக்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் லாட்டரி என்றால் ஈரமான ஆண்டுகளில் முன்பின் தெரியாதவர்கள் அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? நாடுகளுக்கிடையிலான மோட்டோகிராஸ் போட்டி 2018இல் அமெரிக்காவின் ரெட்பட் மைதானத்தில் சேறும் சகதியுமாக நடந்தபோது, சொந்த மண்ணில் ஓடிய அமெரிக்கா மேடை ஏறவில்லை. பிரான்ஸ் தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாக ஜெயித்தது. மறு ஆண்டு நெதர்லாந்தின் ஆசனில் மழையில் ஊறிய மணலில் கிளென் கோல்டன்ஹோஃப் தன் இரண்டு ஓட்டங்களிலும் முதலிடம் பிடிக்க, அந்நாடு முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. ஆழ்மணலில் ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுக்கும் நாடு அது. அதிர்ஷ்டம் இரண்டு ஓட்டத்துக்கும் ஒருவருக்கே வந்து வாய்த்தது என்று சொல்வது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

பிறந்த ஊரே பயிற்சி என்ற எண்ணத்துக்கும் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. ஹரித் நோவா கேரளத்தின் ஷொர்ணூர்க்காரர். மழையும் பசுமையும் உள்ள அந்த ஊர்க்காரர், நம் ஓசூர் டி.வி.எஸ். சார்ந்த ஷெர்கோ அணிக்காக 2024இல் சவுதி பாலைவனத்தில் டக்கார் ராலி ஓடி ஒட்டுமொத்தத்தில் பதினொன்றாம் இடமும், ராலி 2 பிரிவில் முதலிடமும் பெற்றார். பாலைவனத்தில் பிறந்தவரல்ல, அந்தத் தரைக்காகத் தயாரானவர். மணலுக்கு இது பொருந்தும் என்றால் சேற்றுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

பணம் இருப்பவனுக்குத்தான் இந்தத் தயாரிப்பெல்லாம் என்ற குறையைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். மண்பாதைக்கென்றே செய்த வண்டியும் தனி டயரும் விலை அதிகம்தான். ஆனால் மேலே சொன்னதில் நுரைத்துண்டு, கம்பி, செயின் தளர்வு, கையுறை எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. பிரகாசமான ஸ்டிக்கருக்கும் காதைக் கிழிக்கும் சைலன்சருக்கும் அதைவிடப் பல மடங்கு கொட்டுகிறோம்.

பயிற்சிக்கு ஏரிக்குள் வண்டியை இறக்குவது மட்டும் கூடாது. ஏரி ஊருக்குச் சொந்தம், பறவைக்குச் சொந்தம். டயர் உழுதுபோட்ட கரை அடுத்த வெள்ளத்தில் நம் தெருவுக்குத்தான் தண்ணீரை அனுப்பும். பொதுச்சாலையில் அரசு அனுமதியில்லாமல் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். உரிமையாளர் சம்மதித்த ஒரு காலி மனை, இரண்டு மழை, உடன் ஒரு நண்பர், ஹெல்மெட், முழங்கால் காப்பு, நல்ல பூட்ஸ் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். தில்லு போதும் என்கிறவர், லைசென்ஸ் வாங்கும்போது ஆர்.டி.ஓ. மைதானத்தில் போட்ட அதே எட்டை, ஈரக் களிமண்ணில், எழுந்து நின்றபடி, காலை ஒரு தடவைகூட ஊன்றாமல் பத்து முறை போட்டுப் பார்க்கட்டும்.